காட்டுவழி: உகந்தை முதல் குமுக்கன் ஆறு வரை

பாடசாலை வரலாற்று நூல்களில் வீதிகளுக்கு நல்ல இடம் உண்டு. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியைத் தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் அமைத்தார் என்று நாமும் கற்றோம். நம் மாணவருக்கும் அவ்வாறே கற்பித்து வருகிறோம். அவ்வீதிக்காக இராசகாரியத்தின் பெயராற் கல்லுடைத்தவர் யார், மண் சுமந்தவர் யார் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. தேசாதிபதி எவருடைய பெயரையும் சுமக்காத ஒரு பாதையும் இந்நாட்டில் உண்டு. மைற்கற்கள் இல்லாத அப்பாதையைக் குறித்து வரலாற்றாசிரியர் அதிகம் எழுதியதில்லை. அதில் ஒரு நாள் நடந்து கண்டவற்றையும், நடந்தபோது நினைவில் எழுந்த வரலாற்றுச் செய்திகளையும் வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடக்கே தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், பாணமை எனக் கீழைக் கரையோரமாக இறங்கி, உகந்தையிற் காட்டினுள் நுழைந்து, கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக் கரையில் முடிவடைவது அப்பாதை. முழுவதையும் நடப்பவருக்கு ஒரு மாதத்திற்கு மேற் செல்லும். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் கதிர்காம முருகனைத் திருப்புகழிற் பாடியிருக்கிறார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எழுந்த மகாவம்சம், அநுராதபுரத்து அரசமரத்தின் கன்றுகளுள் ஒன்று நடப்பட்ட ஊராகக் கஜரகாமத்தைக் குறிப்பிடுகிறது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வேடர்களும் தத்தம் முறையில் உரிமை பாராட்டும் தலம் இது. வள்ளி வேடர் குலத்து வளர்ந்தவள் என்ற கதையை இன்றும் வேடர்கள் தம் குலக்கதையாகவே கொள்வர். கொடியேற்றம் கோயிலில் மாத்திரமன்றி அருகிலுள்ள பள்ளிவாசலிலும் நிகழ்கிறது.

நாம் புறப்படுவதை அறிந்த நண்பர் ஒருவர், ‘முற்போக்குப் பேசும் ஆசிரியர்கள் காவடிக்குப் பின்னாற் போகலாமா?’ என்று கேட்டார். கேள்வி நியாயமானது. விடையை அன்று நாம் கூறவில்லை. பகலெல்லாம் நடந்து, குமுக்கன் ஆற்றங்கரையில் இரவு படுத்திருந்தபோதே அது ஒருவாறு நமக்குத் தெளிவாயிற்று.

உகந்தை, கடலோரப் பாறைக் குன்றின் அடியில் அமைந்த தலம். குன்றின் உச்சியில் வள்ளியம்மன் கோயிலும், பாறையிற் குழிந்த சுனைகளும் உள்ளன. முருகன் ஓடமேறி வந்து இக்கரையில் இறங்கினான் என்பது ஐதிகம். அவ்வோடமே கல்லாய்ச் சமைந்தது என்று ஒரு பாறையைக் காட்டுவர். கொடியேற்றத்திற்குச் சில நாட்கள் முன்பாக, ஒரு மாலையில், உடன் ஆசிரியர் இருவருடன் நாம் அவ்விடம் சேர்ந்தோம். மரங்களின் கீழும் மணலிலும் ஆயிரக்கணக்கானோர் படுத்திருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்தவர்களின் பாதங்களில் வெடிப்பும் கொப்புளமும் கண்டோம். படுவான்கரை வேளாண்மைக்காரர், திருகோணமலை மீனவர், பதுளைத் தோட்டங்களிலிருந்து வந்த கொழுந்து பறிக்கும் பெண்கள், பாணமையிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் ஆகியோர் ஒரே மணற்பரப்பில் அடுப்பு மூட்டினர்.

பாணமை பற்றி ஒரு வார்த்தை. சிங்களமும் தமிழும் மணவினையாற் கலந்து வாழும் பழைய ஊர் அது. மட்டக்களப்பில் கண்ணகிக்குக் கொம்புமுறி விளையாட்டு நிகழ்வது போலப் பாணமையிற் பத்தினித் தெய்வத்திற்கு அங்கெலிய நிகழ்கிறது. இரண்டும் ஒன்றே. பெயர் மாத்திரமே வேறு. கண்ணகி பத்தினியாவதற்கும் கதிர்காமக் கந்தன் கதரகம தெய்யோ ஆவதற்கும் எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்றவில்லை. வயலும் குளமும் அடுத்தடுத்து இருந்த மக்கள் தாமாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

விடியுமுன் எழுந்து வாயிலை அடைந்தோம். இக்காடு இப்பொழுது குமண தேசிய பூங்கா. ஆண்டில் அரசாங்கம் குறிக்கும் சில நாட்களில் மாத்திரமே யாத்திரிகருக்கு வாயில் திறக்கப்படும். அதிகாரிகள் எண்ணி உள்ளே விட்டனர். ‘அரோகரா’ என்ற ஒலி எழுந்து காட்டின் ஓரத்தில் அடங்கிற்று. பின்னர் நீண்ட நேரம் காலடி ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

வழி முதலில் மணல், பின்னர் செம்மண், பின்னர் மீண்டும் மணல். இருபுறமும் பாலையும் வீரையும் முட்புதரும் செறிந்த வறண்ட காடு. இடையிடையே வெட்டைகள் எனப்படும் புல்வெளிகள். அவற்றில் எருமைகளும் மான்களும் நின்று நம்மைப் பார்த்தன. வெயில் ஏறும்வரை நடை எளிது. ஒன்பது மணிக்குப் பின்னர் மணல் கால்களைப் பற்றத் தொடங்கியது.

இக்காட்டைப் பார்ப்பவர், உலகம் தோன்றிய நாள்தொட்டு இது காடாகவே இருந்தது என்று எண்ணுவர். அது தவறு. குடும்பிகல, பம்பரகஸ்தலாவ, போவத்தேகல ஆகிய இடங்களிலுள்ள குகைகளிலே பிராமி எழுத்துக்கள் வெட்டப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்குகைகளில் வாழ்ந்த பிக்குகளுக்குச் சோறிட்டவர்கள் யார்? அருகில் வயல் இருந்திருக்க வேண்டும். வயலுக்கு நீர் தரக் குளம் இருந்திருக்க வேண்டும். குளத்தைக் கட்டிக் காக்க ஊர் இருந்திருக்க வேண்டும். உடைந்த குளக்கட்டுகள் இன்றும் இக்காடுகளிற் கிடக்கின்றன. எனவே யாத்திரிகர் முதன்முதலில் நடந்தது காட்டினூடாக அன்று, ஊர்களினூடாகவே. ஊர்கள் அழிந்தபின்னரும் நடை நிற்கவில்லை. நாகரிகம் ஒன்று மறைந்த பின்னர் அதன் பாதை மாத்திரம் மக்கள் காலில் உயிர்பிழைத்திருக்கிறது.

பகலில் வாகூர வெட்டையை அடைந்தோம். சிங்களத்தில் இது பாகுர. பிளாஸ்ரிக் கலன்களிற் கொண்டுவந்த நீரும், ஆங்காங்கு வைக்கப்பட்டிருந்த நீர்த்தாங்கிகளுமே துணை. அவலும் கருப்பட்டியும் உண்டோம். அங்கே நமக்கு ஓர் ஆசிரியை கிடைத்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத மூதாட்டி, படுவான்கரையைச் சேர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். தலையில் ஒரு துணிமூட்டை, கையில் ஒரு கம்பு, வேறொன்றும் இல்லை. இனி வரும் தரிப்புகளை அவர் நமக்கு ஒப்புவித்தார்: குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், பிறகு கதிர்காமம். எங்கே தோண்டினால் நல்ல நீர் ஊறும், எங்கே நீர் உவர்க்கும், எங்கே அந்திக்குப் பின் யானை வரும், எங்கே முள் அதிகம் என்பவற்றை அவர் வரிசையாகச் சொன்னார்.

வழி தவறிவிடுமோ என்று நம்முள் ஒருவர் கேட்டார்.

“பயப்பிடாத மனே. முன்னுக்குப் போறவன்ட காலப் பாத்து நட. அவனும் அப்பிடித்தான் நடந்தவன்” என்றார்.

பல்கலைக்கழகத்தில் நாம் பத்துப்பாட்டுக் கற்றவர்கள். பத்தில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் இரவலன், வறுமையோடு எதிர்வரும் மற்றோர் இரவலனுக்கு வழி சொல்வதே அவ்விலக்கிய வகை. அதனை அரசரின் கொடைச்சிறப்பைப் பாடும் துறையாகவே விரிவுரைகளிற் கேட்டோம், குறிப்பும் எழுதினோம். ஓர் ஏழை தான் கண்ட வழியை இன்னோர் ஏழைக்கு மறைக்காமற் சொல்கிறான் என்பதே அதன் உயிர்நிலை என்று வாகூர வெட்டையில் அம்மூதாட்டியின் முன் அமர்ந்திருந்தபோதுதான் நமக்குப் புலனாயிற்று. திருமுருகாற்றுப்படை முருகன்பால் ஆற்றுப்படுத்துவது. அதே முருகனிடம், அதே முறையில், நூலை ஒருநாளும் தொடாத ஒருவர் நம்மை ஆற்றுப்படுத்திக்கொண்டிருந்தார்.

எத்தனை முறை நடந்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். காடு திறந்த காலந்தொட்டு ஆண்டு தவறாமல் என்றார். எதற்காக என்று நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார். 1990ஆம் ஆண்டில் அவருடைய மூத்த மகனைப் பிடித்துச் சென்றனர். திரும்பி வரவில்லை.

“முகாமுக்கு நடந்தன். கச்சேரிக்கு நடந்தன். ஆணைக்குழுவுக்கும் நடந்தன். எல்லாம் கதவு கிடக்கிற இடம், மனே. இஞ்ச திரைதானே.”

கதிர்காமத்து மூலத்தானத்தைத் திரைச்சீலையே மறைக்கிறது என்பதை வாசகர் அறிவர். அதன் முன் யாவரும் நிற்கலாம். அவர் சொல்லில் அழுகை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நம் நண்பரின் கேள்வி அவ்விடத்தில் நினைவுக்கு வந்தது. ஒரு தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கும் ஒரே கேள்விக்கு நாட்டின் நிறுவனங்கள் விடை கூறாதிருக்க, அவர் காட்டிடம் போய்க் கேட்கிறார். அவருடைய நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று கூறுமுன், அவரை இங்கே அனுப்பியது எது என்று கூறுவது நமது கடமை.

பிற்பகல் நடையில் நினைவு முழுவதும் வரலாற்றின்பாற் சென்றது. கதிர்காமமும் அதன் பாதைகளும் ஆட்சியாளரை அச்சுறுத்திய காலங்கள் உண்டு. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. வில்பாவே என்பவர் நாயக்க அரச குலத்துத் துரைசாமி தாமே எனவும், கதிர்காமத் தெய்வத்தின் அருள் தமக்குண்டு எனவும் கூறி வெளிப்பட்டார். சிங்களக் குடியானவர் தமிழ்ப் பெயர்கொண்ட ஓர் அரசனை வேண்டி நின்றனர் என்பதை இன்று இனத்தின் பெயரால் வரலாறு எழுதுவோர் ஆழ்ந்து சிந்தித்தல் நன்று. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலவே கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். 1818இற் சிரச்சேதம் செய்யப்பட்டார். வீடுகள் எரிந்தன, வயல்கள் பாழாயின, கால்நடைகள் அழிந்தன. கிளர்ச்சி அடங்கிய சிறிது காலத்தில் கதிர்காமத்தைக் கண்ட இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, அச்சிற்றூரில் மலாயப் படைப்பிரிவொன்று நிறுத்தப்பட்டிருந்ததைக் குறித்திருக்கிறார். தெய்வத்தின் வாயிலிற் காவல் போட்டது பேரரசு.

பின்னர் சட்டம் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவன் ஒரே நாளில் அத்துமீறிப் புகுந்தவனானான். மலைநாட்டில் அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. தென்கிழக்கு வறண்ட பகுதியிற் கோப்பி விளையாது. ஆகவே அங்கே வேட்டை விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாலப் பகுதி வேட்டைக் காப்பிடமாக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி நாட்டில் வாழ்ந்த வெள்ளைத் துரைமாரின் வேட்டை விளையாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. பசிக்காக மான் கொன்ற கிராமத்தான் குற்றவாளி. பொழுதுபோக்குக்காகக் கொன்றவர் கனவான். யாலவின் காவலராக நியமிக்கப்பட்ட எங்கெல்பிறெச் என்பவர், தென்னாபிரிக்க யுத்தத்திற் சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர். பேரரசு ஒரு கண்டத்தில் நிலமிழக்கச் செய்தவனை இன்னொரு தீவில் நிலத்துக்குக் காவலனாக வைத்தது.

யாத்திரிகரும் தப்பவில்லை. வாந்திபேதி பரவும் என்ற காரணத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரை சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டது. அனுமதிச் சீட்டு வைத்திருப்போரே செல்லலாம் என்ற முறை வந்தது. நோய் உண்மையானது, அதனால் மாண்டவரும் பலர். அதனை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் கூலிகளாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தபோதும் இதே நோயால் ஆயிரக்கணக்கில் இறந்தனர். அந்த நடையை எவரும் தடைசெய்யவில்லை. தோட்டத்துக்கு அவர்கள் தேவைப்பட்டனர். தெய்வத்தை நோக்கிச் செல்லும் கால்கள் நோய் பரப்பும். தோட்டத்தை நோக்கிச் செல்லும் கால்கள் செல்வம் பரப்பும். அக்காலத்துச் சுகாதார நீதி அதுவே.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் இந்த முரண்பாட்டை ஓரளவு உணர்ந்தவர். கதிர்காம யாத்திரையை மேற்பார்வை செய்வதும் அவர் கடமைகளுள் ஒன்று. சேனைக்கு அனுமதி மறுத்ததும், தண்டம் விதித்ததும் அவர் கையொப்பமே. பதவி துறந்து இங்கிலாந்து சென்றபின் 1913இல் அவர் வெளியிட்ட நாவல், காட்டுக் கிராமமொன்று கடனாலும் சட்டத்தாலும் அழிவதைச் சித்திரிக்கிறது. ஒரு நல்ல மனிதனின் மனச்சாட்சி கூட, அவன் அமர்ந்திருக்கும் நாற்காலியின் வேலையைத் தடுக்கமாட்டாது என்பதற்கு வூல்ஃபே சான்று.

நம்மவரின் ஏடுகளும் எல்லாக் கால்களையும் சமமாகப் பதிந்து வைக்கவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில், தம் பாட்டியார் நேர்த்திக்காகக் கதிர்காமத்துக்கு வெறுங்காலுடன் நடந்து சென்று மீண்டதைக் குறிப்பிட்டிருக்கிறார். குழந்தையாயிருந்து நோயுற்ற தம் மகனுக்காக அவர் நடந்தார். அம்மகன் பின்னாளிற் சேர் முத்துக்குமாரசுவாமி ஆனார். அதனால் அத்தாயின் நடை நமக்குத் தெரிகிறது. சேர் பட்டம் பெறாத பிள்ளைகளுக்காக நடந்த தாய்மார் எத்தனை ஆயிரவர்? வாகூர வெட்டையில் நாம் கண்ட தாயை எந்த ஏடு எழுதும்?

பதுளைப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் நமக்குச் சற்று முன்னே நடந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய பாட்டன்மாருக்குத் தோட்டத்தை விட்டு நீங்கவே துண்டு வேண்டும். கடன் தீராதவனுக்குத் துண்டு கிடையாது. துண்டில்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. 1921இல் அம்முறை ஒழிந்தது. 1948இற் பிரசாவுரிமைச் சட்டம் வந்து அவர்களைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது. நாடற்றவர் என்று சட்டம் கூறிய மக்கள் இந்நாட்டின் தென்கோடிவரை நடந்து, அதன் ஆறுகளிற் குளித்து, அதன் தெய்வத்திடம் தம் குறைகளைச் சொல்லி மீண்டனர். நாடு என்பது பத்திரத்திலா, பாதத்திலா இருக்கிறது என்ற வினாவுக்கு அவர்கள் நெடுங்காலம் முன்னரே விடை கூறிவிட்டனர். சட்டம் விடை கூறி முடிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இனி, நம்மைப் பற்றியே ஓர் உண்மை சொல்ல வேண்டும். இப்பாதையில் யாவரும் ‘சாமி’ எனவும் ‘அம்மா’ எனவும் மாத்திரமே அழைக்கப்படுவர். பெயரும் குலமும் கேட்பதில்லை என்பது மரபு. மரபு பெரும்பாலும் பேணப்படுகிறது. ஆனால் காலையில், நம் மாவட்டத்தைச் சேர்ந்த நடுவயதினர் ஒருவர் நம்மிடம் நீர் கேட்டார். கொடுத்தோம். குடிக்குமுன், “தம்பியவை ஊரிலை எந்தப் பகுதி?” என்றார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அவ்வினாவின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஊரின் பெயரை மட்டும் சொன்னோம். அவர் கலனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார்; தாகம் வென்றது. சாதி காட்டின் வாயிலோடு நின்றுவிடுகிறது என்று எழுதினால் கேட்க இனிமையாயிருக்கும், ஆனால் பொய்யாகும். அது நம்மோடு உள்ளே வந்து, நிழல் கண்ட இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உட்செல்ல உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவனும் முருகன். கதிர்காமத்தில் இருப்பவனும் முருகன். கதிர்காமத்துக் கப்புறாளை, முன்னே நிற்பவரின் பகுதியைக் கேட்பதில்லை. செல்வச்சந்நிதியிலும் மண்டூரிலும் வாய்கட்டிப் பூசை செய்யும் எளிய முறையே நிலவுகிறது. ஆகமமும் அதிகாரமும் சூழ்ந்த கோயில்களிற் கதவு மூடப்பட்டது. மக்கள் நடந்துசென்ற கோயில்களிற் கதவு அவ்வளவு எளிதாக மூடப்படவில்லை. தெய்வங்களை ஆராய்வதிலும் கதவுகளை ஆராய்வதே சமூக வரலாற்று மாணவனுக்குப் பயன் தரும்.

அந்தி நெருங்கியபோது குமண வில்லைக் கடந்தோம். குமுக்கன் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் பெறும் பெருஞ் சதுப்பு நிலம் அது. நாரைகளும் கொக்குகளும் கண்ணாவின் மேல் கூடுகட்டியிருந்தன. அருகே ஒருகாலத்தில் குமண என்ற சிறு சிங்களக் கிராமம் இருந்தது. யுத்தம் அதனை வெறுமையாக்கியது. 1985 முதல் 2003 வரை பூங்கா மூடப்பட்டிருந்தது. திறந்த மறு ஆண்டிலேயே, 2004 டிசெம்பர் 26இல், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006இல் யால கிழக்கு என்ற பெயர் நீங்கிக் குமண என்ற பெயர் சூட்டப்பட்டது. ஊரின் பெயர் பூங்காவுக்குக் கிடைத்தது. ஊர் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

பறவைகளுக்கும் யானைகளுக்கும் காவல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. காடழிந்தால் வறண்ட வலயத்தின் நீர் அழியும். உழவன் முதலில் அழிவான். எல்லைக் கோட்டை வரைபவர் யார், அக்கோட்டின் உள்ளே யார் வரலாம், வெளியே யார் நிற்க வேண்டும் என்பதே நம் வினா. 2010 யூலையில், பாணமைக்கு அண்மையிலுள்ள இராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து குடியானவர்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டு, அந்நிலங்களிற் படைமுகாம்கள் எழுந்தன. சுற்றுலா விடுதியும் அங்கே எழுந்தது. வெளியேற்றப்பட்டோர் சிங்களவர். நிலம் பறிபோகும்போது பறிப்பவன் முதலிற் பார்ப்பது மொழியையன்று. எதிர்த்துக் கேட்கும் வலிமை உண்டா என்பதையே. அம்மக்கள் பல ஆண்டுகள் போராடி, 2016இற் தம் நிலத்தில் மீண்டும் கால் வைத்தனர்.

இருள் பரவுமுன் ஆற்றங்கரையை அடைந்தோம். கும்புக் என்று சிங்களவர் கூறும் மரமே நம் மருது. ஆற்றுக்கு அம்மரத்தால் வந்த பெயரைத் தமிழ் யாத்திரிகர் குமுக்கன் என்று வழங்குவர். தமிழாசிரியர்களாகிய நாம் அம்மரங்களின் அடியில் நின்று, மருதத்திணை என்று வகுப்பறையில் ஆயிரம் முறை சொன்ன சொல்லைச் சிங்களப் பெயரினூடாக மீண்டும் சந்தித்தோம். வெண்பட்டை மரங்கள் நீரின்மேற் சாய்ந்து நின்றன. ஆற்று மணலிற் குழி தோண்டி, ஊறிய நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடித்தோம். மூதாட்டி சொன்ன இடத்திற் சொன்னவாறே நீர் இனித்தது.

நம்மிடம் பகுதி கேட்டவர் வெகு நேரத்தின் பின் வந்து சேர்ந்தார். காற்பாதத்திற் கொப்புளம் உடைந்து குருதி கசிந்தது. பதுளைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் அவரைத் தோளில் தாங்கி வந்தான். அவனே அவர் காலைக் கழுவினான். அவன் கூட்டத்துப் பெண்கள் சமைத்த சோற்றை அவர் உண்டார். அவனுடைய பகுதியை அவர் கேட்கவில்லை. ஊருக்கு மீண்டதும் கேட்பாரா? அறியோம். ஒரு நாள் நடை ஒருவரை மாற்றிவிடும் என்று நம்புமளவிற்கு நாம் சிறுபிள்ளைகள் அல்லர். காட்டில் ஒரு நாள் இயலுவது ஊரில் ஏன் இயலவில்லை என்ற கேள்வியை அவரும் நாமும் கொண்டு திரும்புகிறோம். காட்டில் நீர் அளவாக உண்டு. எவரிடமும் அதற்கு உறுதிப்பத்திரம் இல்லை. பகிராதவன் மறுநாள் தாகத்தால் வருந்துவான். ஊரில் கிணற்றுக்கு உரிமையாளன் உண்டு. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே நண்பருக்கு நம் விடை இது. நாம் காவடியின் பின்னே போகவில்லை. காவடி தூக்கியவர்களின் பின்னே போனோம். அவர்கள் கேட்கும் வரத்தைத் தெய்வம் கொடுக்கிறதோ இல்லையோ, அவ்வரங்களின் பட்டியலைப் பாருங்கள்: காணாமற்போன மகன், தீராத நோய், அடைபடாத கடன், கிடைக்காத காணி, நடக்காத கல்யாணம். இந்நாட்டின் மக்கள் தம் கோரிக்கைகளை இத்துணை ஒழுங்காகக் கொண்டு செல்லும் ஊர்வலம் வேறு எது? அதன் முகவரி தவறு என்று நீங்கள் கூறலாம். கோரிக்கை தவறு என்று கூற முடியுமா?

ஆசிரியராயுள்ளோர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். பெரிய நூல்கள் எழுதிய வரலாற்றை நாம் கற்போம், கற்பிப்போம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் இப்பாதையை நடந்த முதியவர் ஒருவராவது இருப்பார். எந்த ஆண்டு நடந்தார், எவ்வழியால் நடந்தார், எங்கே நீர் கிடைத்தது, யார் சோறிட்டார், எந்த ஆண்டு வழி அடைபட்டது என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். தமிழ் ஊரிற் கேட்பது போலவே சிங்கள ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் கேளுங்கள். அவ்வாறு திரட்டினால் இத்தீவின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத அத்தியாயம் ஒன்று கிடைக்கும்.

மறுநாள் விடியலில் மூதாட்டி நமக்கு முன்னரே எழுந்துவிட்டார். ஆற்றைக் கடந்து மறுகரை மணலில் ஏறி, நாவலடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஈர மணலில் அவருடைய அடிச்சுவடுகள் தெளிவாயிருந்தன. நாம் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்து நடந்தோம்.